பாவம் இல்லாமல் வாசிக்கிறாள்

மாயாபந்தர்
14.7.2024

அன்புள்ள தம்பி ரவிக்கு அக்கா ஒச்சம்மா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ரூபாவின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இரண்டு தாள் கடிதத்தை உறையில் போட்டு அனுப்பியிருந்தாய் அல்லவா, அதில் இரண்டாம் தாளில் உளுந்த வடை மடித்துக் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. காலை போட் வந்து கடை எதிரே படகுத்துறை ஜெட்டியில் கூட்டம் இறங்குகிற நேரம். கை அதுபாட்டுக்கு எதிரே கிடந்த காகிதத்தை எடுத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போன ஆளைக் கத்திக் கூப்பிட்டேன். "சட்னி வாங்கிட்டேன் தீதி" என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

முதல் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். என் மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அதுவே மூச்சு வாங்கியது. "தங்கள் மகள் ரூபா தடையின்றிச் சரளமாக வாசிக்கிறாள். ஆனால் பாவம் இல்லாமல் வாசிக்கிறாள். கதையின் எந்த இடத்திலும் அவளிடம் பாவம் வருவதில்லை. பெற்றோர் இதை" என்பதோடு அந்தத் தாள் முடிகிறது. பெற்றோர் இதை என்ன செய்ய வேண்டும் என்பது வடையோடு போய்விட்டது.

என் பிள்ளைக்கா பாவம் வராது? கடை வாசலில் படுத்திருக்கிற நொண்டி நாய்க்குத் தன் பங்கு இட்லியைப் பிய்த்துப் போட்டவள் அவள். சரி, டீச்சர் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டுப் போவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் சொல்லிவிட்டேன். "டீச்சருக்கு நீ பாவப்படணுமாம்டி. ஒரு வரி படிச்சா ஒரு தடவ பாவப்படு. என்ன கொறஞ்சா போயிரும்?" என்றேன். "சரிம்மா" என்றாள். அவள் எதற்கும் சரிம்மாதான்.

டீச்சர் குறை எழுதுகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே தம்பி. அவள் அங்கேயே இருந்து படித்து முடிக்க வேண்டும். இங்கே இருந்தால் காலை ஐந்து மணிக்கு என்னோடு டம்ளர் கழுவ நிற்பாள். என் படிப்பு எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் கடைக்கு வா என்றார்கள். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

நானும் என் முழங்காலும் சுகம். உன் மச்சான் கார் நிக்கோபார் போகிற கப்பலில் சமைத்துக்கொண்டிருக்கிறார், அவரும் சுகமாகத்தான் இருப்பார், கப்பல்காரர்கள்தான் பாவம். உமாவைக் கேட்டதாகச் சொல். உன் தலையில் மிச்சமிருக்கும் முடியையும் கேட்டதாகச் சொல்.

அக்கா ஒச்சம்மா


போர்ட் பிளேயர்
28.7.2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்களது 14.7.2024 நாளிட்ட கடிதம் 22ஆம் தேதி கிடைக்கப்பெற்றேன். இங்கு நான், உமா, ரூபா மூவரும் நலம். முழங்காலுக்கு உமா கொடுத்தனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா?

தங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே, 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை, விஷயம் நடந்து முடிந்துவிட்டது. அன்று காலைக் கூட்டத்தில் ரூபா வாசிக்கும் முறை. கடலாமை பற்றிய பாடம். "ஆமை கரைக்கு வந்தது. ஐயோ பாவம். மணலில் குழி தோண்டியது. ஐயோ பாவம். நூறு முட்டைகள் இட்டது. ஐயோ பாவம்." இப்படிப் பாடம் முழுவதும் வாசித்திருக்கிறாள். பள்ளியே சிரித்திருக்கிறது. எனக்கு அலுவலகத்துக்குப் போன் வந்து, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். நூறு முட்டை வரிக்கு மட்டும் அது பொருத்தமாக இருந்ததாகத் தலைமையாசிரியை சொன்னார். யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு ரூபா, "யாரும் இல்லை, எனக்கே வந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள். தங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அக்கா, அவர்கள் எழுதிய பாவம் இரக்கம் அல்ல. புண்ணியத்துக்கு எதிரானதும் அல்ல. முகபாவம் என்கிறோமே, அது. வாசிக்கும்போது குரலிலும் முகத்திலும் உணர்ச்சி வர வேண்டும் என்பது பொருள். ஹிந்தியில் 'பாவ்' என்பார்கள். தமிழில் எழுதினால் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து.

வடையோடு போன தாளில் இருந்ததுதான் முக்கியம். வகுப்பாசிரியை விசாலாட்சி டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வகுப்பு வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் மகிழ்ச்சி, வருத்தம், கோபம், பயம் என்று நான்கு முகங்கள். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் அட்டையை அன்றைக்குத் தனக்கு எது சரியோ அந்த முகத்தின் கீழே மாட்ட வேண்டும். ரூபா ஜூனில் சேர்ந்த நாளிலிருந்து மகிழ்ச்சியை விட்டு நகரவே இல்லை. பள்ளியே அவளைப் பார்த்துச் சிரித்த பிறகு, திங்கட்கிழமை காலையிலும் மகிழ்ச்சியில்தான் மாட்டினாள். டீச்சருக்குக் கவலை இதுதான். வாசிப்பில் குரல் எழும்பாததும் இதனால்தான் என்கிறார். அரையாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் குழந்தை தாயிடம் இருப்பதே நல்லது என்பது அவர் கருத்து.

இன்னொன்று. வெள்ளிதோறும் வாசிப்பு நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்த கடிதத்தை வகுப்பில் வாசிக்க வேண்டுமாம். எனவே தாங்கள் அவளுக்குத் தனியாக எழுதவும். எனக்கும் எழுதவும். போனில் பேசினால் முதல் ஐந்து நிமிடம் என் தலைமுடியைப் பற்றிப் போகிறது, பிறகு ஜெட்டியில் ஹாரன் அடிக்கிறது. முக்கியமான விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்.

அவள் இங்கு இருப்பதில் எங்களுக்குச் சிரமம் எதுவும் இல்லை.

இப்படிக்குத் தங்கள் அன்புத் தம்பி,
ப. ரவிக்குமார்


மாயாபந்தர்
11.8.2024

தம்பி அவர்களுக்கு,

பார், எனக்கும் வருகிறது. போனில் "ஏக்கா, நீ" என்பவன் கடிதத்தில் "தாங்கள்" என்கிறாய். உன் டிபார்ட்மெண்டில் எனக்கு ஒரு ஃபைல் திறந்துவிட்டாயோ என்று பயந்துபோனேன்.

ஆமை விஷயத்தைக் கடையில் படித்துக் காட்டினேன். துணிக்கடை சிராஜ் பாய் சிரித்ததில் அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. பாவ் என்றால் மீன் விலை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "மச்சி கா பாவ் க்யா ஹை" என்று தினமும் கேட்கிற வாய். இனிமேல் மீன்காரியிடம் கேட்கும்போது முகத்தையும் கவனிக்கிறேன்.

டீச்சர் கவலைதான் எனக்குப் புரியவில்லை. பிள்ளை சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறாள். இல்லை, நீ வருத்தமாக இரு என்று சொல்ல ஒரு பலகை, அதற்கு ஒரு டீச்சர், அதற்கு ஒரு சம்பளம். நான் படித்த காலத்தில் வாத்தியாரிடம் பிரம்பு ஒன்று இருந்தது. அதற்கு ஒரே முகம்தான்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நல்லா இரு என்று எல்லாத் தாயும் சொல்வதுதான்.

அரையாண்டுக்குப் பிறகு கூட்டிப் போ என்கிற பேச்சை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். டீச்சரிடம் நீ நல்லபடியாகச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள், உன் முகத்தில் எப்போதும் ஒரு வருத்தம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நடக்கிறேன், உட்காருகிறேன், எழுந்திருக்கும்போது மட்டும் கத்துகிறேன்.

ஒச்சம்மா


போர்ட் பிளேயர்
8.9.2024

அன்புள்ள அண்ணிக்கு உமா எழுதுவது. நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

அவர் எழுதினால் அலுவலக உத்தரவு மாதிரி இருக்கும் என்பதால் இந்தத் தடவை நானே எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடப் படியில் ரூபா தடுக்கி விழுந்து மோவாயில் மூன்று தையல். இப்போது ஆறி வருகிறது. தையல் போடும்போது நர்ஸ் கேட்டார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சிஸ்டர். நான் சந்தோஷமா இருக்கேன்."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணி. அவள் கை என் சேலையைப் பிடித்திருந்த பிடியில் இரண்டு மடிப்புக் கிழிந்திருந்தது.

அவள் வந்த அன்றே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன். இன்று வரை அதில் ஒரு ரிப்பன்கூட வைக்கவில்லை. துணியெல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பையிலேயே இருக்கிறது. குளித்தால் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், துவைத்துக் காய்ந்ததும் மறுபடி அதிலேயே மடித்து வைத்து ஜிப்பை மூடுகிறாள். இது வேண்டும் அது வேண்டும் என்று மூன்று மாதத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கலாம். எதிர் வீட்டு ஹரிஹரனைத் தினமும் பார்க்கிறேன். பிள்ளைகள் இப்படி இருப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு கதைப் புத்தகம் பையில் போட்டு அனுப்புகிறார்கள். வந்ததும் படித்து முடித்துவிடுகிறாள். எப்படி இருந்தது என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு அத்தை". அதில் பாதிப் பேர் செத்துப்போன கதைக்கும் அதே பதில்தான்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பஸ் ஏற்றும்போது அவளிடம் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?

உங்கள் உமா


மாயாபந்தர்
29.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சுகமா?

உங்கள் ஊருக்கே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்களாமே. கவரில் எந்தப் பெயரை எழுதுவது என்று தபால் ஆபீசில் கேட்டேன். இரண்டையும் எழுதுங்கள், எது பிடிக்கிறதோ அதற்குப் போகும் என்றார்கள்.

கண்டக்டர் அஸ்லமிடம் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். உமா கடிதம் கிடைத்தது. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். தையல் போட்ட இடத்தில் மஞ்சள் கிஞ்சள் தடவ வேண்டாம் என்று சொல்.

ரூபாவுக்கு ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. அஸ்லம் பஸ்ஸில் ஒரு ஆடு டிக்கெட் இல்லாமல் ரங்கத் வரை போன கதை. வகுப்பில் படிக்கட்டும்.

கடையில் கூட்டம். நிறுத்துகிறேன்.

ஒச்சம்மா


ஸ்ரீ விஜயபுரம்
20.10.2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலனை அஸ்லம் சொல்லித் தெரிந்துகொண்டோம், ஏனெனில் உமாவுக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை. கருவாடு வந்தது. பஸ்ஸின் சாமான் பெட்டியில் மற்றவர்களின் சாமானும் அதே வாசனையோடு போய்ச் சேர்ந்ததாக அஸ்லம் சொன்னார்.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை ரூபா தங்கள் ஆட்டுக் கடிதத்தை வகுப்பில் வாசித்தாள். விசாலாட்சி டீச்சர் அதைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். நான்கு முறை கேட்டேன். ஆட்டுக்கு ஒரு குரல், அஸ்லமுக்கு ஒரு குரல், தங்களுக்கு ஒரு குரல். தங்கள் குரல் வந்த இடத்தில் நான் அலுவலக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கிறது. டீச்சர் எதிர்பார்த்த பாவம் என்னவோ அது முழுக்க அதில் இருந்தது.

கடைசிக்கு முந்தின வரி வரைதான். கடைசி வரியைத் தாங்கள் மறந்திருக்கலாம், அப்படியே எழுதுகிறேன். "உன் கட்டிலில் இப்போது அரிசி மூட்டை படுத்திருக்கிறது. உன்னை விடச் சமர்த்து, உதைக்காமல் தூங்குகிறது." அந்த இடத்தில் பதிவில் சத்தம் இல்லை. பிறகு டீச்சர், "அவ்வளவுதானா?" என்று கேட்பது கேட்கிறது. "அவ்வளவுதான் டீச்சர்" என்கிறாள். கடிதத்தை மடிக்கிற சத்தம்.

அன்று சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள்.

"மாமா, அரிசி மூட்டைய எப்ப எறக்குவாங்க?"

"தெரியலையேம்மா."

"இருக்கட்டும். நான் இங்க சந்தோஷமாத்தான் இருக்கேன்."

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் உள்ளது. தேர்வில் அவள் நன்றாக எழுதுவாள். டீச்சர் கேட்பது வேறு கேள்வி. உமா கேட்டதும் அதுவே. பதில் தங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ப. ரவிக்குமார்


மாயாபந்தர்
27.10.2024

தம்பி,

கடிதம் நேற்று வந்தது. மூட்டையை நேற்றே இறக்கிவிட்டேன். முழங்காலோடு நானே இறக்கினேன், யாரையும் கூப்பிடவில்லை.

ஜூனில் அவளை பஸ் ஏற்றினேன் அல்லவா. ஸ்டாண்டில் நிற்கும்போது அவளுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. நான் எதையும் விளையாட்டாகத்தானே சொல்வேன். அப்படித்தான் சொன்னேன்.

"அழுத, மாமா அடுத்த பஸ்ஸுலயே ஏத்தி அனுப்பிருவாரு. அப்புறம் படிப்பு கிடிப்பு ஒண்ணும் கெடையாது. எங்கூட நின்னு டம்ளர் கழுவு."

"கொஞ்சமா அழுதாக்கூடவாம்மா?"

"கொஞ்சம், நெறைய எல்லாம் ஒரே கணக்குத்தான். யாரு எப்பக் கேட்டாலும் சந்தோஷமா இருக்கேன்னு சொல்லு. ஆச்சா?"

"ஆச்சும்மா."

அஸ்லம் பையைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டே, "சோட்டா பச்சி அக்கா, சின்னப் பிள்ளைய ஏன் இப்பிடி பயங்காட்டுறீங்க" என்றான். "உன் சோலியப் பாரு" என்றேன். அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ் வளைவில் திரும்புகிற வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

உமா கேட்டபோதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் ஆட்டுக் கதைதான் வந்தது.

நீ அவளிடம் சொல்லிவிடு தம்பி. அம்மா சும்மா சொன்னது, அழுதால் அனுப்பமாட்டேன் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்குப் பேச வரும். எனக்கு இந்த மாதிரி வராது.

ஒச்சம்மா


ஸ்ரீ விஜயபுரம்
4.11.2024

அக்கா,

நான் சொல்லிப் பார்த்தேன். "சரி மாமா" என்றாள். மறுநாளும் மகிழ்ச்சியில்தான் மாட்டினாள். நான் சொன்னால் அது மாமா நல்லவர் என்றுதான் ஆகும். நீ சொன்னதை நீதான் எடுக்க முடியும்.

எங்களுக்குச் சிரமம் இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அது சரியான வார்த்தை அல்ல. அவள் போனால் உமா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியும் தெரியாது. ஆனால் இந்தச் சிரிப்போடு அவள் இங்கே இருப்பதை விட, அழுதுகொண்டு உன்னோடு டம்ளர் கழுவுவதே மேல் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. டீச்சர் சொன்னபோது கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

25ஆம் தேதி தேர்வு தொடங்குகிறது. அதற்குள் எழுது. கிண்டல் இல்லாமல் எழுது. வருமா?

அவளிடம் காட்டுவதற்கு, அழுதாலும் அனுப்பமாட்டேன் என்று நானும் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அலுவலக முத்திரையும் போட்டிருக்கிறேன். அது விதிப்படி தவறு.

ரவி


மாயாபந்தர்
17.11.2024

ரூபாவுக்கு அம்மா எழுதுவது.

இதை நாலு தடவை எழுதினேன். நாலிலும் கிண்டல் வந்துவிட்டது. நாலும் வடை மடிக்கப் போயின. பார், இங்கேயும் வருகிறது. இனி வராது.

பஸ் ஸ்டாண்டில் நான் உன்னிடம் சொன்னது பொய். அழுதால் யாரும் உன்னைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். படிப்பும் போகாது. மாமா எழுதிக் கொடுத்த சீட்டு இதோடு இருக்கிறது, முத்திரையைப் பார்த்துக்கொள். நீ அழுதுவிடுவாய் என்பதற்காக அதைச் சொல்லவில்லை. நீ அழுதால் நான் உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்.

கட்டிலில் மூட்டை இல்லை. இனி எதையும் வைக்கமாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உன் கட்டில்.

நீ போன அன்றைக்கு நான் கடை திறக்கவில்லை. முழங்கால் வலியா என்று ஜெட்டியில் எல்லாரும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அன்றைக்கு முழங்கால் வலிக்கவில்லை.

ஆமை பாடத்துக்குப் பள்ளிக்கூடமே சிரித்தபோது என் பெயரைச் சொல்லாமல் இருந்தாய். சொல்லியிருக்கலாம். மோவாயில் ஊசி போட்டபோது வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இனிமேல் என்ன இருக்கிறதோ அதைச் சொல். அது கோபம் என்றால் என் மேல் கோபப்படு. மாமா மேல் வேண்டாம், அவர் தாங்கமாட்டார்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீ அங்கே படிக்கவும் வேண்டும் போல இருக்கிறது. இரண்டும் எனக்கு ஒரே நேரத்தில் வருகிறது.

இதை வகுப்பில் வாசிக்க வேண்டாம். வாசிக்கத் தோன்றினால் வாசி.

அம்மா


ஸ்ரீ விஜயபுரம்
8.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் ரூபா எழுதுவது.

நேற்று நான் நலம். இன்று நலம் இல்லை. நாளைக்குத் தெரியாது. நீ நலமா?

உன் கடிதம் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. நான் அதை மூன்று தடவை மனதுக்குள் வாசித்தேன். வகுப்பில் வாசிக்கவில்லை. அப்புறம் அழுதேன். மாமா என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போகவில்லை. துண்டு கொடுத்தார். அது ஏற்கனவே ஈரமாக இருந்தது.

திங்கட்கிழமை பலகையில் என் பெயரை வருத்தத்தில் மாட்டினேன். விசாலாட்சி டீச்சர் பார்த்தார். மத்தியானம் எடுத்துக் கோபத்தில் மாட்டினேன். காலையில் ஒரு தடவைதான் மாட்ட வேண்டும் என்று டீச்சர் சொன்னார். மாறிவிட்டதே டீச்சர், நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். அதனால் இப்போது எல்லாரும் மத்தியானமும் மாற்றலாம். ஹரிஹரன் ஒரே நாளில் ஆறு தடவை மாற்றியதால் அவன் அட்டையை டீச்சர் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

கோபம் உன் மேல்தான். ஆட்டுக் கதை நன்றாக இருந்தது. மூட்டை வரி நன்றாக இல்லை. நான் உதைக்கமாட்டேன். நீதான் உதைப்பாய்.

டீச்சர் மாமாவைக் கூப்பிட்டுப் பேசினார். நான் இங்கேயே படிக்கலாமா, அம்மாவிடம் போகிறேனா என்று என்னையும் கேட்டார்கள். எனக்கு இங்கே படிக்க வேண்டும். உன்னோடும் இருக்க வேண்டும். நீ எழுதின மாதிரியே எனக்கும் இரண்டும் சேர்ந்து வருகிறது என்று சொன்னேன். அதை எந்த முகத்தில் மாட்டுவது என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாக டீச்சர் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்.

துணியை அலமாரியில் வைத்துவிட்டேன். அத்தை அலமாரியைத் திறந்து திறந்து அந்தத் தட்டைப் பார்க்கிறார்.

ஜனவரி 24 வாசிப்பு விழா. பிள்ளைகளின் அம்மா அப்பா வந்து மேடையில் வாசிக்க வேண்டும். நீ வா. பாவத்தோடு வாசி.

ரூபா


மாயாபந்தர்
29.1.2025

அன்புள்ள தம்பிக்கும் உமாவுக்கும்,

வந்து சேர்ந்துவிட்டேன். உமா கொடுத்த எலுமிச்சை ஊறுகாயும் உடையாமல் வந்து சேர்ந்தது.

மேடையில் நான் படித்ததைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை. அரைப் பக்கத்துக்குப் பதினாலு நிமிஷம் ஆனது எனக்கும் தெரியும். முடிந்தது தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரூபாதான் முதலில் கை தட்டினாள். பிறகு அவளிடம் கேட்டேன்.

"எப்பிடிடி இருந்துச்சு? உள்ளத சொல்லு."

"கேக்கக் கஷ்டமா இருந்துச்சும்மா."

இரண்டு நாள் பலகையைப் பற்றியும் புத்தகத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு கதையில் வந்த கொக்கு மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். இன்னொரு கதையை மூடி வைத்துவிட்டாளாம், பயமாக இருந்ததாம், வெளிச்சம் நன்றாக இருக்கிற நாளில் படிப்பாளாம். நான் கேட்டுக்கொண்டு அபர்டீன் பஜாரில் அவளுக்கு மழைக்கோட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் அவள் அழுததை நீ பார்த்தாய். அவ்வளவு சத்தமாக அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துக் கவுண்டரில் ஹட் பே கப்பலுக்கு டிக்கெட் வாங்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு, "சரி சரி, அழட்டும், அழட்டும்" என்று போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாய். வாய் வரைக்கும் நாலு கிண்டல் வந்தது. அவள் மூக்கைத் துடைத்துவிட்டு ஏறிவிட்டேன். அவள் அங்கே படிக்கட்டும். பரீட்சை முடிந்ததும் லீவுக்கு அனுப்பு. கட்டில் காலியாக இருக்கிறது.

நேர் பஸ்ஸில் இடம் இல்லாததால் நம் ஊரைத் தாண்டிப் போகிற டிக்லிபூர் பஸ்ஸில் ஏறினேன் அல்லவா. மாயாபந்தர் பிரியும் இடத்தில் இறங்கிக்கொள்வதாகக் கண்டக்டரிடம் சொல்லியிருந்தேன். பஸ் கிளம்பியதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பாராடாங்கில் பஸ்ஸைப் படகில் ஏற்றி இறக்கினார்கள், அப்போதும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பெங்காலி அம்மா. வீட்டில் யார் செத்தது என்று ஹிந்தியில் கேட்டார். யாரும் சாகவில்லை, மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றேன். அவருடைய மகன் கல்கத்தாவில் காலேஜில் இருக்கிறானாம். அதைச் சொல்லிவிட்டு அவரும் ஆரம்பித்தார். அவர் இறங்க வேண்டியது பில்லிகிரவுண்ட், எனக்கும் முன்னால். சாயங்காலம் இரண்டு பேரும் டிக்லிபூரில் இறங்கினோம்.

ஒச்சம்மா